பதவி உயர்வு எதுவரைக்கும்?

அப்புத்தளைக்குக் கீழே, பல நாடுகள் சேர்ந்து நடத்திய மண் ஆய்வுகூடத்தில் உதவியாளராக இருந்தேன். ஒப்பந்தத்தை வருடா வருடம் புதுப்பிப்பார்கள். ஒரு வருடம் என்னை மூத்த உதவியாளராக உயர்த்தினார்கள். இனி வேலை நிரந்தரம் என்று நானாகவே நினைத்துக்கொண்டேன்.

தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிக்கும் மனைவியிடம், "தோட்டத்துல பேர வெட்டிரு. டவுன்ல வீடு பாப்போம்" என்றேன்.

"பேர் இல்லாட்டி லயத்துக் காம்பராவ விடணுமே. தீவாளி போகட்டுங்க" என்றாள். தோட்டத்து வரிசை வீட்டில் எங்களுக்கிருந்த அந்த அறை, பதிவில் அவள் பேர் இருக்கும்வரைதான்.

தீபாவளிக்கு முன்பே யாழ்ப்பாணத்துக்காரரான ஆய்வுகூடப் பொறுப்பதிகாரி கூப்பிட்டார். "உங்கட வேலையில குறையில்லை. ஆய்வு முடிஞ்சுது. ஒப்பந்தமும் இந்த மாசத்தோட முடியுது."

தலையாட்டிவிட்டு வந்து, மிச்சமிருந்த கண்ணாடிக் குழாய்களைக் கழுவிக் கவிழ்த்தேன். மனைவியின் பேர் இருந்ததால் காம்பரா தப்பியது.

போன மாதம் மகள் கொழும்பிலிருந்து அழைத்து, பதவி உயர்வு கிடைத்ததாகச் சொன்னாள். "எதுவரைக்கும்?" என்றுதான் முதலில் கேட்டேன்.