நெற்றியில் எழுதிய அம்மா பேர்

சோமனூரில் அரங்கசாமியைத் தெரியாதவர்கள் உண்டு. அவருடைய அம்மா பங்காரம்மாவைத் தெரியாதவர்கள் கிடையாது. ஆனால் அவர்களுக்குத் தெரிந்த பங்காரம்மா மனுஷி அல்ல, பஸ்.

சோமனூருக்கும் கோவை காந்திபுரத்துக்கும் நடுவே வருஷக்கணக்காக ஓடிய பச்சை பஸ் அது. முன்கண்ணாடிக்கு மேலே, நெற்றிப் பட்டையில், சிவப்பு எழுத்தில் 'பங்காரம்மா'. எங்கள் பக்கத்தில் தனியார் பஸ்ஸை யாரும் நம்பர் சொல்லித் தேட மாட்டார்கள். முதலாளி தன் குலசாமி பேரையோ, மகள் பேரையோ, பெற்றவள் பேரையோ எழுதி வைப்பார். மறுநாளிலிருந்து அந்தப் பேர் ஊர்ச் சொத்து.

"பங்காரம்மா போயிருச்சுங்களா?"

"எங்கீங்க, பங்காரம்மாவுக்கு கணியூர்ல டயர் பஞ்சருங்க."

"இப்பெல்லாம் மேடு ஏறறதுக்குள்ள பங்காரம்மாவுக்கு நெம்ப மூச்சு வாங்குது."

இதையெல்லாம் நிஜமான பங்காரம்மா கேட்டுக்கொண்டு வந்து வீட்டில் சொல்வாள். "ஏண்டா அரங்கா, எனக்குப் பின்னாடி கரும்புகையா வருதாமா! டாக்டர்கிட்டக் காட்டோணும்னு சொல்றாங்க." சொல்லிவிட்டுச் சிரிப்பாள். அந்தச் சிரிப்பில் பக்கத்து வீட்டு அடுப்பில் பால் பொங்கிவிடும் என்பார்கள். பஸ்ஸின் ஹாரனும் லேசுப்பட்டதல்ல. கருமத்தம்பட்டியில் அடித்தால் சோமனூரில் கோழிகள் நாளைக்குப் போட வேண்டிய முட்டையை இன்றைக்கே போட்டுவிடுமாம். இதில் பாதியைத்தான் நான் நம்பினேன். மீதிப் பாதி நான் சேர்த்தது.

அப்புறம் ஒரு மழைக்காலம் வந்தது. ஓட்டினவர் காளிச்சாமி, பழைய டிரைவர், நிதானமான கை. லாரிகளை நிறுத்தி எடை பார்க்கிற எடைமேடை ஸ்டாப்பில் பிரேக் பிடிக்கவில்லை. ஈர ரோட்டில் வண்டி வழுக்கிக்கொண்டே போய், பஸ்ஸுக்காக நின்றிருந்த ஒரு பெண்ணின் மேல் ஏறியது. விசைத்தறித் தொழிலாளி மாசாணத்தின் மனைவி. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகிற அளவுக்குக்கூட உயிர் மிச்சமில்லை.

ஊர் வேண்டுமென்றே சொல்லவில்லை. வழக்கமாகப் பேசுகிற மாதிரிதான் பேசியது.

"பங்காரம்மா ஒரு பொம்பளையக் கொன்னுபோட்டா."

மளிகைக் கடையில் பருப்பு வாங்கிக்கொண்டிருந்த பங்காரம்மாவின் காதில் இது விழுந்தது. பருப்பை அங்கேயே வைத்துவிட்டு வீட்டுக்கு வந்தாள். அதற்குப் பிறகு அவள் சிரித்து யாரும் பார்க்கவில்லை. அரங்கசாமி மறுநாளே நெற்றிப் பட்டையில் பச்சைப் பெயின்ட் அடித்து எழுத்தை மறைத்தார். ஊர் அப்போதும் பங்காரம்மா என்றுதான் கூப்பிட்டது. பெர்மிட்டை விற்றார், வண்டியைத் தோட்டத்துக் கொட்டகையில் நிறுத்தினார். எடைமேடையையும் நாளடைவில் மூடிவிட்டார்கள். மூடின எடைமேடைப் பேரைச் சொல்ல ஆளில்லாமல், அந்த நிறுத்தத்துக்கு ஊர் தானாகவே ஒரு பேர் வைத்துக்கொண்டது: பங்காரம்மா ஸ்டாப்.

சில வருஷம் கழித்து அம்மா இறந்தாள். துக்கம் விசாரிக்க வந்தவர்களில் ஒருவர் வாசலில் நின்று இன்னொருவரிடம் கேட்டது அரங்கசாமிக்குக் கேட்டது.

"எந்தப் பங்காரம்மா? அந்தப் பஸ்ஸா?"

அதன் பிறகு அவர் அம்மா பேரை வாயால் சொல்வதை விட்டுவிட்டார். மனைவியும் போய்ச் சேர்ந்தாள். ஒரே மகள் ஹரிதா, கல்யாணம் கட்டிக்கொண்டு அமெரிக்கா போனாள். நான்கு அறை வீட்டில் ஒரு அறையை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதைப் பூட்டினார். குக்கர் விசில் அடித்தால், "வாரேன், வாரேன், கத்தாத" என்பார். டிவியில் செய்தி வாசிக்கிற பெண் வணக்கம் சொன்னால் பதில் வணக்கம் சொல்லாமல் உட்கார மாட்டார். அந்த வீட்டில் அவரிடம் பேசுகிற உருப்படிகள் இவை இரண்டுதான்.

போன வருஷம் ஹரிதா டிக்கெட் எடுத்து அவரைக் கூப்பிட்டுக்கொண்டாள். மருமகன் ரவிதேஜா ஒரு சனிக்கிழமை விமானங்களை நிறுத்தி வைத்திருக்கிற மியூசியத்துக்குக் கூட்டிப்போனான். பழைய விமானங்கள் ஊர்ச் சந்தையில் மாடுகள் மாதிரி பக்கத்தில் பக்கத்தில் நின்றன. நடுவில் ஒன்று, பெரிதாக, அப்போதுதான் விளக்கி வைத்த எவர்சில்வர் அண்டாவைப் போலப் பளபளத்துக்கொண்டு நின்றது.

"இதுதான் மாமா, ஹிரோஷிமாவுல அணுகுண்டு போட்ட ஃப்ளைட்டு."

அரங்கசாமி பஸ்காரர். வண்டி என்று ஒன்று நின்றால் அவர் கண் முதலில் நெற்றிக்குத்தான் போகும். போயிற்று. மூக்குப் பக்கம், பைலட் உட்காருகிற ஜன்னலுக்குக் கீழே, கறுப்பு எழுத்தில் இரண்டு வார்த்தை.

"அதென்னங்க பேரு?"

"எனோலா கே. பைலட்டோட அம்மா பேரு மாமா."

அரங்கசாமி முன்னாலிருந்த கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

அங்கே ஒரு வயதான வழிகாட்டி இருந்தார். அவர் சொல்லச் சொல்ல ரவிதேஜா தமிழில் சொன்னான். அமெரிக்காவின் ஒமாஹா ஊரில் செய்த வண்டி. முதலில் பேரெல்லாம் இல்லை, எண்பத்திரண்டு என்று நம்பர்தான். டினியன் என்கிற தீவில் நிறுத்தியிருந்தார்கள். குண்டு போடக் கிளம்புவதற்கு முந்தின நாள்தான் தலைமை பைலட் ஒரு ஆளைக் கூப்பிட்டுத் தன் அம்மா பேரை எழுதச் சொன்னார். வழக்கமாக அந்த வண்டியை ஓட்டுகிறவர் வேறு ஆள். அவர் எழுத்தைப் பார்த்துவிட்டுக் கோபத்தில் குதித்தாராம்.

"குதிக்காம? எங்க காளிச்சாமியா இருந்தாலும் குதிப்பாரு," என்றார் அரங்கசாமி.

1945 ஆகஸ்ட் ஆறாம் தேதி இருட்டிலேயே கிளம்பினார்கள். ஹிரோஷிமாவில் அன்று காலை ஒரு விமானம் வானிலை பார்த்துவிட்டுப் போயிருந்தது. அபாயம் நீங்கியது என்று சங்கு ஊதிவிட்டார்கள். ஜனங்கள் வேலைக்குப் போனார்கள், பிள்ளைகள் கிளம்பினார்கள். அதற்குப் பிறகு மூன்றே மூன்று விமானம் உயரத்தில் வந்தது. கூட்டமாக வந்தால்தானே பயம்? பலர் நிமிர்ந்து பார்த்துவிட்டு அவரவர் வேலையைப் பார்த்தார்கள். எட்டேகால் மணிக்குக் குண்டு. அன்றைக்கே பல பத்தாயிரம் பேர். நோயில் கிடந்து செத்தவர்களையும் சேர்த்தால் லட்சத்தைத் தாண்டும். மூன்று நாள் கழித்து பாக்ஸ்கார் என்று இன்னொரு விமானம் இரண்டாவது குண்டோடு கிளம்பியது. அன்றைக்கு எனோலா கே முன்கூட்டியே கோகுரா நகரத்துக்குப் போய் வானிலை பார்த்தது. ஆனால் குண்டோடு பாக்ஸ்கார் வருவதற்குள் மேகமும் புகையும் ஊரை மூடிவிட்டன. அது சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு நாகசாகிக்குப் போய்ப் போட்டது.

சண்டை முடிந்த பிறகு இந்த விமானத்தைச் சீந்துவாரில்லை. பல வருஷம் வெட்டவெளியில் கிடந்தது. பறவைகள் உள்ளே கூடு கட்டின. வருகிறவர் போகிறவர் சாமான்களைக் கழற்றிப் போனார்கள். அப்புறம் துண்டு துண்டாகப் பிரித்து எடுத்து வைத்தார்கள். திரும்பவும் பூட்டி மெருகேற்றுவதற்கே இருபது வருஷம் பக்கம் ஆனதாம். அரங்கசாமிக்குக் கொட்டகையில் நிற்கிற தன் பஸ் ஞாபகம் வந்தது. டிரைவர் சீட்டுக்குப் பின்னால் புறா குஞ்சு பொரித்திருக்கிறது.

வழிகாட்டி முடித்ததும் அரங்கசாமி கேட்டார்: "அந்தம்மா அப்ப உசுரோட இருந்தாங்களா?"

இருந்தார்கள் என்றார் வழிகாட்டி.

"அப்புறம் அவங்க கடைகண்ணிக்குப் போனா, ஊர்ல என்னன்னு பேசிக்கிட்டாங்க?"

ரவிதேஜா தயங்கித் தயங்கிக் கேட்டான். வழிகாட்டி மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். தெரியாது என்றார். இதுவரை யாரும் தன்னிடம் கேட்டதில்லை என்றார். பக்கத்திலிருந்த பலகையை ரவிதேஜா படித்துக் காட்டினான். நீளம் இவ்வளவு, ரெக்கை இவ்வளவு, இன்ஜின் நாலு. அரங்கசாமி தலையாட்டிக்கொண்டே இருந்தார்.

ஊருக்கு வந்து சில மாதம் கழித்து ஹரிதாவிடமிருந்து போன்.

"நைனா, பொண்ணாமா! நாங்க முடிவே பண்ணிட்டோம். அவ்வா பேருதான். ஊட்டுல பங்காருன்னு கூப்பிட்டுக்கறோம்."

தெலுங்கு பேசுகிற அவர்கள் வீட்டில் பாட்டிதான் அவ்வா; மூத்தவள் பேரைப் பிறக்கிற பெண்ணுக்கு வைப்பது வழக்கம். ஹரிதா கேட்டது அனுமதிகூட அல்ல, சந்தோஷத்தைத்தான். அரங்கசாமி சொன்னார்:

"அது வேண்டாங் கண்ணு. வேற நல்ல பேராப் பாரு."

"ஏனுங் நைனா?"

"அது வண்டி பேரு."

"அது என்ற அவ்வா பேரு," என்று சொல்லி ஹரிதா போனை வைத்துவிட்டாள். அப்புறம் கூப்பிடவேயில்லை. அரங்கசாமி போனைச் சட்டைப் பையிலேயே வைத்துக்கொண்டு தூங்கினார். கம்பெனிக்காரப் பெண் ரீசார்ஜ் செய்யச் சொல்லிக் கூப்பிட்டபோது, அவள் பதிவு செய்த குரல் என்று தெரிந்தும், முடிகிற வரை கேட்டார். பேத்தி பிறக்கப் போகிறாள். பேரை விட்டுக் கொடுத்தால் அம்மா கடைசி வரைக்கும் பஸ்தான். விடாமல் பிடித்தால், பேத்தியைக் கூப்பிடும்போதெல்லாம் எடைமேடை ஸ்டாப் கண்ணில் வரும். இதைப் பற்றிச் சொல்ல உரிமை உள்ள ஆள் ஊரில் ஒருவர்தான், செத்தவளின் புருஷன் மாசாணம். அவர் முகத்தை அரங்கசாமி விபத்துக் கேஸ் கோர்ட்டில் முடிந்ததற்கு அப்புறம் பார்த்ததில்லை.

பஸ் ஏறி, "எடைமேடை ஒண்ணு குடுங்க" என்றார்.

கண்டக்டர் உமர் பாரூக்குக்கு வயசு கம்மி. "அப்பிடி ஒரு ஸ்டாப்பே இல்லீங்களே. ஓ, பங்காரம்மா ஸ்டாப்புங்களா? அதச் சொல்லுங்க மொதல்ல!"

மாசாணம் வீட்டு வாசலில் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். ஆயுசு பூரா தறிச் சத்தத்தில் நின்ற காது, பாதி போய்விட்டது. மெதுவாகக் கேட்கலாம் என்று வந்த விஷயத்தை அரங்கசாமி கத்திக் கேட்க வேண்டியதாயிற்று.

"நான் பஸ்கார அரங்கசாமிங்க!"

"தெரியுது. சொல்லுங்க."

"எனக்குப் பேத்தி பொறக்கப் போறாளுங்க! எங்கம்மா பேரு வெக்கலாமான்னு உங்களக் கேட்டுட்டுப் போலாம்னு வந்தனுங்க!"

பக்கத்து வீட்டில் பாத்திரம் தேய்க்கிற சத்தம் நின்றது. எதிர்வீட்டில் ஒருத்தி கதவைத் திறந்து வந்து நின்றாள். மாசாணம் அவரை உட்காரச் சொல்லவில்லை.

"உங்க பேத்திக்குப் பேரு வெக்கறதுக்கு நான் யாருங்க?"

அரங்கசாமி தோள் துண்டை இறக்கிக் கையில் பிடித்தார்.

"செரி, நான் ஒண்ணு கேக்கறேன். செத்தவ பேரு என்னன்னு தெரியுங்களா?"

"கருப்பாத்தாளுங்க."

"கேக்கல."

"கருப்பாத்தாள்!" அரங்கசாமி கத்தினார். சந்து முழுக்கக் கேட்டது.

"இன்னொருக்காச் சொல்லுங்க."

காது கேட்காமல் கேட்டாரா, கேட்க வேண்டும் என்று கேட்டாரா, தெரியாது. அரங்கசாமி இன்னொருக்காச் சொன்னார்.

மாசாணம் ரோட்டுப் பக்கம் கையைக் காட்டினார். "தெனமும் எத்தன பஸ்ஸு நிக்குது. அத்தன பேரும் உங்கம்மா பேரச் சொல்லித்தான் எறங்கறாங்க. நானும் அதச் சொல்லித்தானுங்க டிக்கெட் வாங்கோணும். அடிச்ச பஸ்ஸு பேரு ஊருக்கே தெரியுது. எங்கூட்டுக்காரி பேர ரேசன் கார்டுலயும் எடுத்துப்போட்டாங்க." கையை இறக்கினார். "நீங்க பேத்திக்கு என்ன வேணும்னாலும் வெய்யுங்க. அந்தக் கொழந்த என்ன பண்ணுச்சு, பாவம்."

அவ்வளவுதான். தண்ணீர் கொடுக்கவில்லை, வாங்க என்றும் சொல்லவில்லை, போங்க என்றும் சொல்லவில்லை. அரங்கசாமி ஸ்டாப்புக்கு நடந்தார். நீளம், ரெக்கை, இன்ஜின் என்று அந்தப் பலகையை ரவிதேஜா படித்தது ஞாபகம் வந்தது. அன்றைக்கு அவர் பைலட்டின் அம்மாவைப் பற்றி மட்டும்தான் கேட்டார். குண்டுக்குக் கீழே இருந்தவர்களில் ஒருத்தர் பேரையாவது கேட்டிருக்கலாம்.

வீட்டுக்கு வந்து மகளைக் கூப்பிட்டார். "வெய்யி கண்ணு. அவ்வா பேரையே வெய்யி." ஹரிதா அழுதாள், பிறகு சிரித்தாள். பாட்டியின் சிரிப்பில் நாலில் ஒரு பங்கு இருந்தது. ஆனாலும் பக்கத்து வீட்டுப் பால் பொங்கவில்லை என்று சத்தியம் செய்ய மாட்டேன்.

மறுநாள் பஸ் ஏறினார்.

"கருப்பாத்தாள் ஸ்டாப்பு ஒண்ணு குடுங்க."

"எந்த ஸ்டாப்புங்க? நேத்து எடைமேடைன்னீங்க, இன்னைக்கு இதா?" என்றான் உமர் பாரூக்.

"நேத்து எறங்குனேனல்லங்க, அங்கதான்."

"அது பங்காரம்மா ஸ்டாப்புங்க!"

"இல்லீங்க."

இறங்கினார். அங்கே அவருக்கு ஒரு வேலையும் கிடையாது. மாசாணம் வீட்டுப் பக்கம் போகவில்லை. எதிர்ப்பக்கம் நின்று அடுத்த பஸ்ஸில் திரும்பினார். அடுத்த நாளும் அப்படியே. மழை பெய்த நாளிலும் குடையோடு வந்து, அதே பேரைக் கேட்டு, இறங்கி, நின்று, திரும்பினார். பேத்தி பிறந்து, போனில் அவள் அழுகிற சத்தத்தைக் கேட்ட நாளிலும் போனார். உமர் பாரூக் முதலில் சண்டை போட்டான், பிறகு கேலி பண்ணினான். "ஏனுங், அந்தம்மா உங்களுக்குச் சொந்தமுங்களா?" அரங்கசாமி இல்லை என்று தலையாட்டினார். பிறகு அவனும் பேசாமல் டிக்கெட்டைக் கிழித்துக் கொடுக்க ஆரம்பித்தான்.

போன வாரம் பஸ்ஸில் நல்ல கூட்டம். உமர் பாரூக் பின்படியில் தொங்கிக்கொண்டு, அவசரத்தில், "கருப்பாத்தா ஸ்டாப்பெல்லாம் எறங்கு!" என்று கத்திவிட்டான். பஸ்ஸே திரும்பிப் பார்த்தது. அரங்கசாமி இறங்கினார். பின்னாலேயே பையோடு ஒரு பெண் குழம்பிக்கொண்டு இறங்கினாள்.

"ஏனுங்க, இது பங்காரம்மா ஸ்டாப்பு இல்லீங்களா?"

"இல்லீங் அம்மணி. பங்காரம்மாங்கறது என்ற பேத்தி. அமெரிக்காவுல இருக்கறா, இன்னும் பல்லே மொளைக்கல. ஸ்டாப்பு பேரு கருப்பாத்தாள்."

அந்தப் பெண் தலையாட்டிவிட்டு நடந்தாள். பஸ் போயிற்று. அரங்கசாமி ரோட்டைத் தாண்டி எதிர்ப்பக்கம் போய், திரும்புகிற பஸ்ஸுக்காகத் தனியாக நின்றார்.