மூன்று ஜெர்மன் பதக்கங்களைத் தேடி: சாந்தோமிலிருந்து அடையாறு வரை

இந்த 1947 தை மாதம், பொங்கல் கழிந்த வாரம், ஒரு ஜெர்மன் பதக்க வரிசையை விலைக்குக் கேட்பதற்காகத் திருச்சியிலிருந்து சென்னைக்குப் போனேன். யுத்தம் முடிந்து வந்த சிப்பாய்களிடம் பதக்கம் வாங்கிச் சேர்ப்பது என் பழக்கம். என்னிடம் தனிப் பதக்கங்கள் சில உண்டு. ஒரே ஆள் அணிந்த பதக்கங்களை ரிப்பனோடு ஒரே பட்டையில் வரிசையாகத் தைத்திருப்பார்களே, அது மட்டும் கிடைக்கவில்லை. ராணுவத்தில் லாரி ஓட்டிய நண்பர் ஒருவர், தன் கூட்டாளி அருளப்பனிடம் அப்படி ஒன்று இருப்பதாகச் சொல்லி சாந்தோம் விலாசம் கொடுத்தார்.

ரயில் காலை ஆறரைக்கு எழும்பூர் சேர்ந்தது. அங்கிருந்து மயிலாப்பூர் நாலு மைல். டிராம் வசதிதான், ஆனால் ஏழு மணிக்குமேல் ஆபீஸ் கூட்டம் ஏறிவிடும், பெட்டி படுக்கையோடு நிற்க முடியாது. கோயில் குளத்தருகே இறங்கிக் கிழக்கே ஒரு மைல் நடந்தால் கடல். மாதா கோயிலுக்குப் பின்னால் மீனவர் குடிசைகள். வலைகள் காயும் மணலைத் தாண்டி நாலாவது வீடு.

அருளப்பனுக்கு முப்பது வயதிருக்கும். யுத்தத்துக்கு முன் அப்பாவோடு கடலுக்குப் போனவர், இப்போது நெல்லூருக்கு லாரி ஓட்டுகிறார். நான் வந்த காரியத்தைச் சொன்னதும் சிரித்தார்.

"விக்கிறதுக்கு இல்ல சார். என்துன்னாதான விக்க? பாக்கணும்னா பாரு."

இத்தாலியில் ஜெர்மன்காரர்கள் சரணடைந்தபோது கைதிகளை ஏற்றிப்போகும் வேலை அவருக்கு. காவலுக்கு நின்றவர்கள் கைதிகளிடம் கடிகாரம், மோதிரம், பதக்கம் எல்லாவற்றையும் பிடுங்கிக்கொண்டிருந்தார்களாம். கைதிகளில் நரைத்த தலையோடு ஒரு கிழவர், ராணுவ ஸ்டோரில் வேலை பார்த்தவர், தன் பையிலிருந்த பதக்கப் பட்டையை அருளப்பன் கையில் திணித்து, தன் பேரையும் ஊரையும் திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கிறார். முகாம் வாசலில் திருப்பித் தருவதாக இவர் தலையாட்டினார். வழியிலேயே கைதிகளை இறக்கி வேறு வண்டியில் ஏற்றிவிட்டார்கள்.

"அந்த பேரையும் ஊரையும் ஜெபம் மாறி தெனம் சொல்லிக்கினு இருக்கேன் சார். நம்ம மாதா கோயில் சாமியார் வர்ற மாசம் கப்பல்ல சீமைக்குப் போறாரு. விசாரிச்சி சேத்துடறேன்னு சொல்லிக்கீறாரு."

நான் விலைப் பேச்சை அதோடு விட்டுவிட்டேன் என்று எழுத ஆசைதான். மனசுக்குள் விலை கேட்டுக்கொண்டேதான் இருந்தேன்.

டிரங்குப் பெட்டியைத் திறந்து அடிவரை துழாவினார். இல்லை. அடுப்பருகே நின்ற மனைவி பிலோமினா, திரும்பாமலே சொன்னாள்.

"நாந்தான் குடுத்துட்டேன்."

"யார்கிட்ட?"

"பழைய பாத்திரக்காரர்கிட்ட. ஹிட்லர் சின்னம் வெச்சிருந்தா போலீசு இட்டுக்கினு போயிடும்னு பக்கத்து வூட்ல சொன்னாங்க. நீ நெல்லூர் போயிருந்த. பயந்துக்கினு, நீ சுத்தி வெச்ச துணியக்கூட பிரிக்கல, அப்பிடியே குடுத்துட்டேன்." பிறகு அடுப்பிலிருந்ததைக் காட்டினாள். "இந்தக் குண்டான் குடுத்தாரு."

அலுமினியக் குண்டானில் கஞ்சி கொதித்துக்கொண்டிருந்தது. அருளப்பன் அதையே பார்த்தார். சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே வந்தார். நானும் கூடப் போனேன்.

குளக்கரையை ஒட்டிய பழைய பாத்திரக் கடையில் கடைக்கார பாய்க்கு நன்றாக நினைவிருந்தது. "மூணு பதக்கம், ரிப்பன் போட்டது. பனகல் பார்க்காண்ட வக்கீல் ஐயா ஒருத்தர் வாங்கிக்கினு போயிட்டாரு. உங்குளுதுன்னு தெரியாது நைனா, தெரிஞ்சா வெச்சிருப்பேன்." வீட்டு அடையாளம் சொல்லி, பஸ் நிற்கும் இடம்வரை கூடவே வந்தார்.

மயிலாப்பூரிலிருந்து தியாகராய நகர் மூன்று மைல், பஸ்ஸில் அரை மணி. வக்கீல் மரியாதையானவர். உள்ளே உட்காரவைத்து மோர் கொடுத்தார். கண்ணாடி அலமாரியில் யானைத் தந்தம், பழைய வாள் இவற்றுக்கு நடுவே வெல்வெட்டில் ஒரே ஒரு பதக்கம் இருந்தது. வட்டமான வெள்ளி நிறம், கழுகு, அதன் காலடியில் ஹிட்லர் சின்னம்.

"மத்த ரெண்டு?" என்றேன்.

"ஒண்ணை பம்பாய் மாப்பிள்ளைக்கு அனுப்பிட்டேன். இரும்புச் சிலுவையை அடையாறு டாக்டரம்மா கேட்டா, கொடுத்துட்டேன். பட்டை ஒரே வேர்வை நாத்தம், ஆத்துல வெச்சிண்டிருக்க முடியலை. தூக்கிப் போடச் சொல்லிட்டேன்."

அந்தக் கழுகுப் பதக்கம் ராணுவத்தில் நாலு வருஷம் வேலை பார்த்த எல்லோருக்கும் கொடுத்தது. சிலுவை, அந்தக் கிழவர் வயதைப் பார்த்தால், 1914 யுத்தத்தில் குண்டுக்கு முன் நின்று வாங்கியதாக இருக்கும். மூன்றும் ஒரே பட்டையில் இருக்கும்வரைதான் அது ஒரு மனிதனுடையது. பிரித்தால் யாருடையதும் இல்லை. அருளப்பன் விஷயத்தைச் சொன்னதும் வக்கீல் முகம் வாடிவிட்டது. அலமாரியைத் திறந்து பதக்கத்தை எடுத்து அவர் கையில் வைத்தார். "இப்படின்னு தெரிஞ்சிருந்தா தொட்டிருக்க மாட்டேன்."

அடையாறு அங்கிருந்து நாலு மைல். மத்தியான பஸ்ஸை நம்ப வேண்டாம், நாங்கள் காத்திருந்து நொந்தோம். டாக்டரம்மா நோயாளிகளை அனுப்பிவிட்டு வந்து, நின்றபடியே கேட்டார். ஐம்பது வயது இருக்கும்.

"அது இப்ப என்கிட்ட இல்லப்பா. பாலத்துல நின்னு ஆத்துல போட்டுட்டேன்."

அருளப்பன் பாலம் இருக்கும் திசையைத் திரும்பிப் பார்த்தார்.

"என் தம்பியும் டாக்டர்தான். இத்தாலியில காயம்பட்டவங்களை ஏத்திட்டு வந்த வண்டி மேல ஜெர்மன்காரங்க குண்டு போட்டாங்க, அவன் திரும்பி வரல. வக்கீல் வீட்டு அலமாரியில அதைப் பாத்ததும், அது இங்க இருக்கக் கூடாதுன்னு தோணிச்சு."

"அந்த ஆளு ஸ்டோர்ல இருந்தவரும்மா. கெயவரு."

"இருக்கலாம்," என்றார். பிறகு நாற்காலியில் உட்கார்ந்து, "நீ கேட்டு வருவேன்னு எனக்குத் தெரியாதேப்பா," என்றார். அவர் கண் கலங்கியிருந்தது. யாரைக் குற்றம் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. இன்றைக்கும் தெரியவில்லை.

பாலத்தின் வழியாகவே நடந்து திரும்பினோம். அருளப்பன் நடுவில் நின்று முகத்துவாரத்தைப் பார்த்தார். நான் மெதுவாக, ஆள் விட்டுத் தேடலாமா என்றேன்.

"மணல் மூடிக்கும் சார். இந்தத் தண்ணிய எனுக்குத் தெரியும்." சட்டைப் பையைத் தொட்டுக்கொண்டார். "சிலுவையோட இருந்தா அதுக்காவது சாமியார் வாங்கிக்குவாரு, இத மட்டும் அனுப்பவும் முடியாது. அந்தச் சின்னத்த வெச்சிருந்தா இப்ப அவங்க ஊர்லயே கேள்வி கேக்கறாங்கன்னு சாமியார் சொன்னாரு. நீ வேணா எடுத்துக்க சார். அதுக்குத்தான வந்த?"

நான் வேண்டாம் என்றேன். அன்று நான் சரியாகச் செய்த ஒரே காரியம் அது.

சாந்தோம் சேரும்போது வெயில் சாய்ந்துவிட்டது. பிலோமினா வாசலிலேயே நின்றிருந்தாள். காலையிலிருந்து சாப்பிடவில்லை என்று முகத்தில் தெரிந்தது.

"கெடைச்சுதா?"

அருளப்பன் பையிலிருந்து அந்த ஒற்றைப் பதக்கத்தை எடுத்து நீட்டினார். "கெடைச்சிடுச்சி."

அவள் முதல் முறையாக அதைப் பார்த்தாள்; மூன்று இருந்தது அவளுக்குத் தெரியாது. இரண்டு கையாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டு அழுதாள். "சாமியார்கிட்ட குடுத்துடலாமா?"

"குடுத்துடலாம்," என்றார் அருளப்பன், என்னைப் பார்க்காமல்.

இப்படிப்பட்ட பொருள் தேடிச் சென்னைக்கு வருபவர்களுக்கு: அதிகாலை ரயிலில் வாருங்கள். மயிலாப்பூருக்கு டிராமும், மற்ற இடங்களுக்கு பஸ்ஸும் போதும். அடையாறை மத்தியானத்தில் வைத்துக்கொள்ளாதீர்கள். பட்டையில் தைத்த பதக்கத்தை யாரும் பிரிக்கவிடாதீர்கள். விலை கேட்பதற்கு முன், அது யாருடையது என்று கேளுங்கள். பதில் வந்தால் பொறுமையாகக் கேட்டுவிட்டு, வெறுங்கையோடு ஊர் திரும்புங்கள்.

இதை எழுதும்போது பெயர்களையும் வீட்டு அடையாளத்தையும் மாற்றியிருக்கிறேன். அந்தக் கரையில் யாராவது இதைப் படித்து, அவளிடம் போய்ச் சொல்லிவிடக் கூடாது.