கலீலுல்லா விழுங்கிய கேப்சூல்கள்

தாராவியில் தோல்பைப் பட்டறை வைத்திருந்த கலீலுல்லாவிடம் மருந்து விஷயம் கேட்க எப்போதும் யாராவது வருவார்கள். பிரஷர் மாத்திரை சாப்பாட்டுக்கு முன்னாலா பின்னாலா, சர்க்கரை மாத்திரையைப் பாதியாக உடைக்கலாமா என்பார்கள். அட்டையிலுள்ள ஆங்கில எழுத்தை எழுத்துக்கூட்டிப் படித்துவிடுவார். படித்ததில் பாதி விளங்காது. அந்தப் பாதியைக் குரலால் சமாளித்துவிடுவார். எழுபதை நெருங்கியும் அவர் குரலில் அதிகாரம் குறையவில்லை.

போன மழைக்காலத்தில் அவருக்கே மூச்சிரைப்பு வந்தது. மாட்டுங்காவில் டாக்டர் வைத்தீஸ்வரன் சோதித்துப் பார்த்து மருந்து எழுதிக் கொடுத்தார். மெடிக்கலில் கேப்சூல் டப்பாவோடு சின்ன பிளாஸ்டிக் கருவி ஒன்றையும் வைத்த கடைக்காரர், "லேனா ஆத்தா ஹை நா, சாச்சா?" என்று, எடுக்கத் தெரியும்தானே என்பதை இந்தியில் கேட்டார். பின்னால் பட்டறைத் தெரு ஆட்கள் இருவர் நின்றிருந்தார்கள்.

"மாலூம் ஹை" என்று, தெரியும் என்பதாகத் தலையாட்டினார் கலீலுல்லா.

கேப்சூல் என்றால் விழுங்குவது. இதில் கேட்க என்ன இருக்கிறது? கருவி எதற்கென்றுதான் புரியவில்லை. அதை அலமாரியில் போட்டுவைத்தார்.

சில வாரம் கழித்து, பெல்ட் பக்கிள் வியாபாரம் செய்யும் அவருடைய பழைய சிநேகிதர் ஆறுமுகநயினாரும் அதே டாக்டரிடமிருந்து அதே மருந்தோடு வந்தார். அவருக்குக் காது மந்தம். டாக்டர் சொன்னது சரியாகக் கேட்கவில்லை. மறுபடி கேட்கக் கூச்சம்.

"இத எப்படி வே எடுக்கணும், பாய்?"

"வெந்நீர்ல முழுங்கும் அண்ணாச்சி. நானும் அப்படித்தான் முழுங்குதேன்."

"இந்த பிளாஸ்டிக்கு?"

"அது கம்பெனிக்காரன் சும்மா குடுக்கது."

கேப்சூல்கள் தீர்ந்தன, இரைப்பு தீரவில்லை. மாடிக்குப் போகும் இரும்பு ஏணியில் பாதியில் நின்று மூச்சு வாங்கிய மாமனாரைப் பார்த்து, மருமகள் பரீஹா திரும்பவும் டாக்டரிடம் கூட்டிப்போனாள்.

"இந்த மருந்து கேக்காம போகாதே" என்றார் டாக்டர். "என் முன்னாடி ஒருதரம் எடுத்துக் காட்டுங்கோ."

கலீலுல்லா டாக்டர் நீட்டிய கேப்சூலை வாயில் போட்டுக்கொண்டு தண்ணீருக்குக் கை நீட்டினார்.

பரீஹா தரையைப் பார்த்தாள். கதவருகே நின்ற நர்ஸ் சிரிப்பை அடக்கிக்கொண்டு வெளியே போனாள். டாக்டர் ஒரு கருவியை எடுத்து, இன்னொரு கேப்சூலை அதில் சொருகித் திருகி, வாயில் வைத்து இழுக்கும் விதத்தைக் காட்டினார். "உள்ள இருக்கற பொடி நுரையீரலுக்குப் போகணும். வயித்துக்குப் போய் என்ன பண்ணும்? அன்னிக்கே நான் செஞ்சு காட்டியிருக்கணும்" என்றார். அந்தச் சொல் ஆறுதலாக இல்லை. மராட்டியிலோ இங்கிலீஷிலோ சொல்லியிருந்தால் பாஷைமேல் பழி போடலாம். டாக்டர் பேசியதெல்லாம் தமிழில்தான்.

டாக்ஸியில் மெதுவாகக் கேட்டுக்கொண்டார்: "வீட்ல யார்ட்டயும் சொல்லாதம்மா."

"சொல்லலை மாமா. ஆனா நயினார் மாமாவுக்கும் இதே மருந்துதானே?"

"நான் சொல்லிக்கிடுதேன்."

சொல்லவில்லை. மறுநாள் போகலாம் என்று நினைத்தார்; மறுநாள் நயினார் கடையில் ஆட்கள் இருந்தார்கள். ஆளில்லாத நேரம் பார்த்துப் போனபோது பக்கிள் விலையை விசாரித்துவிட்டுத் திரும்பினார். இதற்கிடையில் கருவி வேலை செய்தது. ஏணியில் நிற்காமல் ஏறினார். டீக்கடையில் நயினார் அவரை உற்றுப் பார்த்தார். பேசும் ஒவ்வொரு வார்த்தைக்கும் நயினாருக்கு மூச்சு இரைத்தது.

"உமக்குத் தெளிஞ்சிருச்சே பாய்... என்ன வே செஞ்சீரு?"

வாய்வரை வந்தது. பக்கத்தில் நாலு பேர் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள்.

"எல்லாம் அல்லாஹ் கிருபை" என்றார்.

இரண்டு நாள் கழித்து நயினாரை ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். செய்தி கேட்டதும் கலீலுல்லா வெட்டிக்கொண்டிருந்த தோலை அப்படியே போட்டுவிட்டு ஓடினார். வார்டில் நயினார் மூக்கில் குழாயோடு சாய்ந்திருந்தார். மனைவி மாரிசெல்வி அவர் முதுகைத் தடவிக்கொண்டிருந்தாள்.

"அண்ணாச்சி, அந்தக் கேப்சூல முழுங்கப்படாதாம். அதப் போட்டு இழுக்கணுமாம். நான் தப்பாச் சொல்லிட்டேன்." காது கேட்காத மனிதரிடம் சத்தமாகத்தான் சொல்ல வேண்டியிருந்தது. அடுத்தடுத்த கட்டில்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

மாரிசெல்வியின் கை நின்றது. "இது உமக்கு எப்பத் தெரியும், பாய்?"

பொய் சொல்ல இன்னொரு வாய்ப்பு இருந்தது. தலையைக் குனிந்துகொண்டார். "பத்து நாளாத் தெரியும்."

அவள் கத்தவில்லை. "அன்னைக்கி டீக்கடையிலருந்து வந்து, பாய்க்கு நல்லாயிருச்சு, எனக்கும் ஆயிரும்னு சந்தோசமாச் சொன்னாவ" என்றாள்.

கலீலுல்லா பையிலிருந்து கருவியை எடுத்து, எப்படி இழுப்பது என்று காட்ட முயன்றார். கேப்சூல் நழுவித் தரையில் உருண்டது. குனிந்து எடுக்கப் போனவரிடம் அவள் சொன்னாள்: "வேண்டாம். நர்ஸம்மா காட்டித் தருவா. நீரு போம்."

நயினார் பிழைத்துக்கொண்டார். பழைய தெம்பு திரும்பவில்லை. கடையை விட்டுவிட்டு நவி மும்பை சான்பாடாவில் மகள் வீட்டுக்குப் போய்விட்டார்கள். நயினார் அவ்வப்போது போன் செய்து பட்டறை எப்படிப் போகிறது என்று விசாரிப்பார். அந்த விஷயத்தை ஒருதரம்கூட எடுத்ததில்லை. மாரிசெல்வி போனை வாங்கியதே இல்லை.

இப்போதும் யாராவது மாத்திரை அட்டையோடு பட்டறைக்கு வருகிறார்கள். கலீலுல்லா அதைக் கையால்கூடத் தொடுவதில்லை. "எனக்குத் தெரியாது, டாக்டர்ட்டயே கேளுங்க" என்கிறார். ஆளுக்கு வயசாகிவிட்டது, முன்போல் இல்லை என்று பேசிக்கொண்டே திரும்பிப் போகிறார்கள். அது அவர் காதில் விழாமல் இல்லை.