மவுஸ் கட்சி, கன்ட்ரோலர் கட்சி

கேமிங் கடை வைத்திருப்பவள் நாள் முழுக்க விளையாடிக்கொண்டிருப்பாள் என்று நினைப்பவர்கள், ஒரு சனிக்கிழமை மத்தியானம் டில்லி சரோஜினி நகருக்கு வந்து என் நாற்காலியில் உட்கார்ந்து பார்க்க வேண்டும். வாடிக்கையாளரிடம் வாய் கொடுத்துப் பிழைக்கிற எவருக்கும் இதை நான் விளக்க வேண்டியதில்லை.

கடையில் இடப்பக்கம் கம்ப்யூட்டர்கள். அங்கே இருப்பவர்கள் கீபோர்டில் நடந்து, மவுஸால் குறி பார்த்துச் சுடுவார்கள். வலப்பக்கம் சோபாவும் டிவியும். அங்கே கன்ட்ரோலரை இரண்டு கையாலும் பிடித்துச் சுடுவார்கள். இரண்டு பக்கமும் ஒரே ஆட்டத்தில் மோதலாம். நடுவில் நான்.

ஏசிக்கு வந்தவர்

மனைவி மார்க்கெட்டில் துணி எடுக்கும்போதெல்லாம் வெயிலுக்கு பயந்து என் கடையில் ஒதுங்குவார் வெங்கடேசன். தீவிர மவுஸ் கட்சி. கட்டைவிரலால் குறி பார்ப்பது கஷ்டம் என்று, கன்ட்ரோலர்காரர்களுக்கு ஆட்டத்திலேயே ஒரு சலுகை உண்டு. துப்பாக்கி தானாகவே குறியை லேசாக எதிரி பக்கம் இழுத்துக்கொடுக்கும். "இதுக்குப் பேரு விளையாட்டா? மோசடி மேடம்!" என்று வாரா வாரம் எனக்குப் பாடம் நடத்துவார்.

ஒருநாள் அவர் மனைவி லலிதா சீக்கிரமே பைகளோடு வந்துவிட்டார். இவர் ஹெட்போனை மாட்டிக்கொண்டு ஆட்டத்தில் மூழ்கியிருந்தார். சும்மா உட்கார்ந்திருக்கிறாரே என்று லலிதா கையில் ஒரு கன்ட்ரோலரைக் கொடுத்து, எதை அமுக்கினால் சுடும் என்று காட்டினேன். கொஞ்ச நேரத்தில் இடப்பக்கமிருந்து அலறல்: "யாருய்யா அது, மறுபடி மறுபடி என்னையே சுடறது?"

லலிதா சோபாவிலிருந்து கையைத் தூக்கினார். "நான்தாங்க. கடையில உங்களுக்குச் சட்டை எடுக்கறப்பவும் நீங்க இப்படித்தான், பாத்துட்டே நிப்பீங்க. அதுக்குள்ள வேற யாராவது முடிச்சிட்டுப் போயிடுவாங்க."

தோற்கும் கலை

பக்கத்து கிட்வாய் நகரிலிருந்து இரண்டு பேர் வருவார்கள். ஒருவர் ஏதோ அமைச்சகத்தில் அதிகாரி, மவுஸ். மற்றவர் அவருக்குக் கீழே வேலை பார்க்கும் முருகேசன், கன்ட்ரோலர். முருகேசன் தவறாமல் தோற்பார். "கன்ட்ரோலரைத் தூக்கிப் போடுய்யா" என்று அதிகாரி முதுகில் தட்டிக்கொடுப்பார்.

ஒரு ஞாயிறு முருகேசன் மட்டும் தனியாக வந்தார். அன்று கடையில் இருந்த ஒருவர்கூட அவர் முன்னால் உயிரோடு நிற்க முடியவில்லை. அசந்துபோய், "ஏன் சார், அவர்கிட்ட மட்டும்..." என்று இழுத்தேன்.

"என் பிரமோஷனுக்கு வருஷாந்தர ரிப்போர்ட் எழுதறவர் மேடம் அவரு. சுடறது ஈஸி. சந்தேகம் வராம குறி தப்பறதுக்குத்தான் பயிற்சி வேணும்."

பெண் பார்த்த படலம்

குர்காவுனில் ஐ.டி. வேலையிலிருக்கும் கார்த்திக். டில்லியிலேயே பிறந்து, நொய்டாவில் டிவி சேனலில் வேலை பார்க்கும் ரம்யா. ஜாதகம் பொருந்திவிட்டது, நேரில் பேசிப் பாருங்கள் என்று இரண்டு வீட்டிலும் அனுப்ப, இருவரும் என் கடையைத் தேர்ந்தெடுத்தார்கள். அவள் மவுஸ், அவன் கன்ட்ரோலர். அவன் தலை தெரிந்தால் போதும், சுட்டாள்.

பாவம் பார்த்து, "மவுஸ் வேணுமா?" என்று கேட்டாள். இடம் மாறினார்கள். அப்போதும் தோற்றான். தோற்றவன் அடுத்து என்ன சொல்வான் என்பது எனக்கு மனப்பாடம்: பட்டன் சரியில்லை, நெட் ஸ்லோ, நாற்காலி ஆடுகிறது. ஒரு சம்பந்தம் என் கடை நாற்காலியால் முறிந்தது என்ற பெயர் வேறு வரும். டீயை நீட்டிக்கொண்டே காத்திருந்தேன்.

"நீங்க ரொம்ப நல்லா ஆடறீங்க" என்றான் கார்த்திக். அவ்வளவுதான். டீயைக் குடித்தான்.

கிளம்பும்போது ரம்யா மட்டும் கவுன்ட்டருக்கு வந்து, குரலைத் தாழ்த்தி, இந்தியில் என்னை அக்காவாக்கிச் சொன்னாள்: "தீதி, ரெண்டு பக்கமும் தோத்தும் எது மேலயும் பழி போடலை. அச்சா பையன். வீட்ல ஓகே சொல்லிடறேன்."

மவுஸா கன்ட்ரோலரா என்ற வழக்கில் எனக்கு இன்றுவரை தீர்ப்புச் சொல்லத் தெரியவில்லை. தன் கையில் இருப்பது திறமை, எதிராளி கையில் இருப்பது மோசடி என்பதில் மட்டும் இரண்டு கட்சிக்கும் கருத்து வேறுபாடே கிடையாது.