நிற்காமல் சொன்ன பதில்

கந்தன் துணையை நம்பியிருக்கும் சொந்தங்களுக்கு,

போன ஆண்டு ஆடிக் கிருத்திகைக்கு முந்தின நாள், டெல்லி சரோஜினி நகர் மார்க்கெட்டில் என் இடது செருப்பு கழன்று போனது எனக்குத் தெரியவில்லை. கொதிக்கிற தார் ரோட்டில் வெறுங்காலோடு நடந்திருக்கிறேன். என் மனைவி கோமதிதான் பார்த்தாள். "செருப்பு எங்க? சுடலையா உங்களுக்கு?" என்றாள். சுடவில்லை.

பல வருடச் சர்க்கரை, பாத நரம்புகளைக் கெடுத்துவிட்டது என்றார் டாக்டர். இனி வெறுங்காலோடு நடக்கவே கூடாது, கோயிலிலும் தடித்த காலுறை வேண்டும் என்றார்.

மறுநாள் முருகன் சந்நிதியில், சரவணபவ என்ற ஆறெழுத்தைச் சொல்லிக்கொண்டே வலம் வந்தேன். பிராகாரம் திரும்பும் இடத்தில் விழுந்தேன். அதன்பின் வாய் பேசினால் கால் நின்றது. கோமதி ஏதாவது கேட்டால், நடையை நிறுத்திவிட்டுத்தான் பதில் சொல்வேன். தரையையே பார்த்துக்கொண்டு, வாயை மூடிக்கொண்டு நடந்தால் விழமாட்டேன். அது வலம் வருவதாகுமா? நாமம் இல்லாத சுற்றை என் மனம் ஏற்கவில்லை.

ஆவணி முழுவதும் தூணோரம் உட்கார்ந்திருந்தேன். கோமதி சுற்றி வருவாள். அவள் முணுமுணுப்பு அருகில் வரும், விலகிப் போகும். என் கண் நிறைந்துவிடும். "முருகா, ஒரே ஒரு சுற்று. உன் பெயரைச் சொல்லிக்கொண்டு." வேறு எதுவும் நான் கேட்கவில்லை.

புரட்டாசியில் ஒரு நாள், பிரசாத வரிசையில் நின்ற ஒரு பெண்மணி தானாகவே கோமதியிடம் பேச்சுக் கொடுத்தார். அவர் கணவருக்கும் இதே தொல்லையாம். கோல் மார்க்கெட் பக்கம் ஒரு பிசியோதெரபி நிலையத்தைச் சொன்னார். அந்த அம்மாளை அதற்குமுன் நாங்கள் பார்த்ததில்லை.

அங்கே இருந்த பெண் முதலில் என் காலைத் தொடவில்லை. கம்ப்யூட்டர் திரையில் படங்களைக் காட்டி, நினைவில் வைத்துச் சொல்லச் சொன்னாள். பாதம் சேதி அனுப்பாததால் மூளையே ஒவ்வொரு அடியையும் கவனிக்கிறது, அதற்கு இன்னொரு வேலை கொடுத்தால் தடுமாறுகிறது, ஆகவே மூளையையும் பழக்க வேண்டும் என்று விளக்கினாள். பிறகு, "அங்கிள்ஜி, அப் சல்தே சல்தே போலியே" என்று நடந்துகொண்டே பேசச் சொன்னாள். தமிழ் மாதங்களைப் பின்னாலிருந்து சொல்ல வேண்டும். அவளுக்குத் தமிழ் தெரியாது, சரிபார்க்கக் கோமதி.

தேதிகளில் பிசகாதவன் என்று ஆபீசில் எனக்குப் பெயர். உட்கார்ந்து சொன்னால் பிசகவில்லை. நடந்தபோது, "பங்குனி, மாசி, தை, மார்கழி, ஐப்பசி" என்றேன்.

"கார்த்திகைய முழுங்கிட்டியளே. முருகன் மாசத்தையே மறந்துட்டு அவர்ட்டயே காலு கேக்கியளாக்கும்" என்றாள் கோமதி.

"ஆன்ட்டிஜி நே ஃபெயில் கர் தியா" என்று, கோமதி என்னைப் பெயிலாக்கிவிட்டதாகச் சொல்லி அந்தப் பெண் சிரித்தாள்.

மாத்திரையை விடவில்லை. பயிற்சியை விடவில்லை. பிரார்த்தனையையும் விடவில்லை. ஐப்பசி போனது, கார்த்திகை போனது. பல நாள் கண்ணீரோடுதான் வீடு திரும்பினேன்.

தைப்பூசத்தன்று கடுங்குளிர். பிராகாரக் கல்லில் பாதம் வைத்தவர்கள் துள்ளினார்கள். நான் காலுறையோடு, ஆறெழுத்தைச் சொல்லி நடக்கத் தொடங்கினேன். கோமதி பின்னால் வந்தாள். நான் விழுந்த அந்தத் திருப்பத்தில் அவளுக்கு வீட்டு அடுப்பு நினைவு வந்துவிட்டது.

"ஏங்க, கேஸ மூடினியளா?"

"மூடிட்டேன்" என்று சொல்லிவிட்டு, நாமத்தைத் தொடர்ந்து நடந்தேன். சில அடி போனபின்தான் அவள் கூட வரவில்லை என்று உணர்ந்தேன். அவள் அந்த இடத்திலேயே நின்று முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாள். நான் நிற்காமல் சுற்றை முடித்தேன்.

துன்பத்தில் இருப்பவர்களே, கேளுங்கள். உதவி, வரிசையில் உங்கள் பக்கத்திலேயே நின்று பேசக்கூடும். வைத்தியத்தையும் முருகன் அனுப்பியதென்று ஏற்றுக்கொள்ளுங்கள்.

மரத்த பாதம் இன்னும் மரத்தேதான் இருக்கிறது. அன்று சந்நிதியில் விழுந்து வணங்கியபோது, கல்லின் குளிர் உள்ளங்கையில் ஏறியது. முழுச் சுற்று நடந்தும் உள்ளங்காலில் அது ஏறவில்லை. முருகா, அடுத்த தையில் என் காலும் குளிரட்டும்.