கறுப்புப் பொத்தான்

காபி ஆறி ஏடு கட்டிவிட்டது. கோச்சம்மா அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. சாப்பாட்டு மேசையில் ஐந்து பொத்தான்களுக்கு எதிரே ஐந்து பொத்தான்களை நிறுத்தி, நடுவில் ஒரு காய்ந்த பட்டாணியை விரலால் தள்ளிக்கொண்டிருக்கிறார். பொத்தான்கள் அவர் கணவரின் தையல் கடைச் சரக்கு. பட்டாணிதான் பந்து. அது உருண்டு கீழே விழுந்தால், "அவுட்டு" என்று தானே சொல்லிக்கொண்டு குனிந்து எடுக்கிறார்.

குடிநீர் அலுவலகத்துப் பெண்கள் கூடைப்பந்து அணிக்கு இவர்தான் பயிற்சியாளர். வயது ஐம்பத்திரண்டு. பகல் முழுக்க அதே அலுவலகத்தின் புகார் ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பார். தண்ணீர் வரவில்லை என்று வந்து கத்துகிற எல்லோருக்கும் ஒரே பதில்தான்: "கத்துனா தண்ணி வந்துடாதுங்க. எங்க கசியுதுன்னு சொல்லுங்க, ஆள் அனுப்புறேன்." மாலை ஐந்தரைக்கு மைதானத்தில் நிற்பார். அங்கேயும் அதே ஏற்ற இறக்கமில்லாத குரல்தான். கழுத்தில் விசில் தொங்கும், ஊத மாட்டார். கேட்டால், "அதுக்கு வேற மூச்சு செலவு பண்ணணுமா?" என்பார்.

போன ஞாயிற்றுக்கிழமை மின்சார அலுவலக அணியிடம் தோற்றார்கள். அரையிறுதி மூன்று ஆட்டங்கள், இது முதலாவது. இரண்டில் ஜெயிப்பவர் இறுதிக்குப் போகலாம். அன்று கடைசிப் பத்து நிமிடம் தொடங்கும்போது நம்மவர்கள் ஒன்பது புள்ளி முன்னால் இருந்தார்கள். முடியும்போது இரண்டு புள்ளி பின்னால். மாடியில் குடியிருக்கிறவன் என்ற உரிமையில் நானும் போய்க் கத்தினேன், தொண்டை கட்டியதுதான் மிச்சம். வளையம் ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது என்று ஆட்டக்காரி ஒருத்தி முணுமுணுத்தாள். "ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம். வண்டியில ஏறு" என்றார் கோச்சம்மா.

மறுநாள் காலையிலிருந்து இந்தப் பொத்தான் விளையாட்டு. பேப்பர் படிக்க நான் கீழே வரும்போதெல்லாம் இதே காட்சிதான். "கண்ணு கெட்டப்புறம் சூரிய நமஸ்காரமா?" என்று தையல் இயந்திரத்துக்குப் பின்னாலிருந்து கணவர் கேட்டார்.

"ஒரு கண்ணுதான் போயிருக்கு. இன்னொண்ணு சனிக்கிழமை வரைக்கும் இருக்கு" என்றார் இவர்.

எதிரணியில் ஒரு குட்டைப் பெண் இருக்கிறாள். கோச்சம்மா அவளுக்கு வெட்டுக்கிளி என்று பெயர் வைத்திருக்கிறார். கடைசிப் பத்து நிமிடத்தில் ஏழு முறை நம்முடைய இடப்பக்கமாகப் புகுந்து வந்து பந்தைக் கூடையில் போட்டவள் அவள்தான். அவளை மறிக்க இரண்டு பொத்தான்களை அனுப்பினால், மூலையில் எதிரிப் பொத்தான் ஒன்று கேட்பாரற்று நிற்கிறது. அது தூரத்திலிருந்தே போட்டுவிடும். நம் அணியில் ஒட்டகம் என்று பேர் வாங்கிய நெட்டைப் பெண்ணை, பெரிய கோட்டுப் பொத்தான் அது, வளையத்துக்கடியில் நிறுத்திப் பார்த்தார். ஆளுக்கு ஆள் பிடிக்காமல் இடத்துக்கு இடம் காவல் போட்டும் பார்த்தார். தலைக்கு இழுத்தால் கால் தெரிகிற போர்வையாக இருந்தது எல்லாம். "இது ஆவாது" என்று கலைப்பார், மறுபடி அடுக்குவார். கண்ணுக்குக் கீழே கருவளையம் கட்டிவிட்டது.

புதன்கிழமை காலை கணவர் ஊசியில் நூல் கோத்தபடியே சொன்னார்: "எல்லாத்தையும் நகத்திட்ட. அந்தக் கறுப்ப மட்டும் தொடவே மாட்டேங்கிறியே."

"உங்க வேலையப் பாருங்க."

இடப்பக்கக் காவலில் நின்ற அந்தக் கறுப்புப் பொத்தான் கோச்சம்மாவின் தங்கை. அணித் தலைவி. முப்பத்தெட்டு வயது, இடது முட்டி தேய்ந்துவிட்டது. இருவருக்கும் பதினான்கு வயது வித்தியாசம். அம்மா வேலைக்குப் போன சாயங்காலங்களில், தங்கையை இடுப்பில் தூக்கிக்கொண்டே மைதானத்துக்குப் போனவர் இவர். இன்றைக்கும் ஆட்டத்துக்கு முன்னால் அந்த முட்டிக்குக் கட்டுப் போடுவது இவர்தான், வேறு யாரையும் தொட விடமாட்டார். சரியாக மூன்று சுற்று. "இறுக்கமா இருக்கா?" என்று இரண்டு தடவை கேட்பார். "இந்த வருஷத்தோட போதும்க்கா" என்று தங்கை முன்பே சொல்லிவிட்டாள். சனிக்கிழமை அவளை உட்காரவைத்து அணியும் தோற்றுப்போனால், அந்த ஞாயிற்றுக்கிழமைதான் அவள் ஆடிய கடைசி ஆட்டம் என்றாகிவிடும். ஆட விட்டாலோ, வெட்டுக்கிளிக்குக் கதவைத் திறந்து வைத்தது மாதிரி. மைதானத்தைப் பெருக்குகிறவருக்கும் தெரிந்த விஷயம் இது.

"எங்க கசியுதுன்னு எனக்குத் தெரியாதா?" என்றார் கோச்சம்மா, யாரையும் பார்க்காமல். எனக்கு அவர்மேல் பரிதாபமாக இருந்தது, கணவர்மேல் கோபம் வந்தது. உண்மையைச் சொல்லவும் நேரம் காலம் வேண்டாமா? கோச்சம்மா ஆறிப்போன காபியை ஏட்டோடு ஒரே மூச்சில் குடித்தார். கறுப்பை எடுத்துவிட்டு அந்த இடத்தில் ஒரு சின்ன வெள்ளைச் சட்டைப் பொத்தானை வைத்தார். அது வீடுவீடாகப் போய்த் தண்ணீர் மீட்டர் பார்க்கிற பெண். அவள் எறிந்தால் பந்து வளையத்தில்கூடப் படாது. ஆனால் காலையிலிருந்து சாயங்காலம் வரை தெருத்தெருவாக நடந்து பழகிய கால், சலிக்காது. வெட்டுக்கிளியின் நிழலாக ஒட்டிக்கொண்டால் போதும். மற்ற நாலு பேரும் நின்ற இடத்திலேயே நிற்கலாம். பட்டாணியை எத்தனை தரம் உருட்டியும் ஓட்டை தெரியவில்லை. அதற்காக அவர் சந்தோஷப்பட்டதாகவும் தெரியவில்லை. வியாழனும் வெள்ளியும் தங்கை வந்து டீ குடித்துவிட்டுப் போனாள். அக்காவுக்குச் சொல்லத்தான் வாய் வரவில்லை.

சனிக்கிழமை ஆட்டத்துக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது, மைதானத்து ஓரப் பெஞ்சருகே நின்று முதல் ஐந்து பேரைச் சொன்னார். ஐந்தாவதாக, "மீட்டரு, நீ இறங்கு. அந்தக் குட்டச்சி எங்க போனாலும் நீயும் போ" என்றார். தங்கை தண்ணீர் பாட்டிலின் மூடியைத் திருகி மூடினாள். மூடிய பிறகும் திருகிக்கொண்டே இருந்தாள்.

"முன்னாடியே எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்க்கா."

"சொல்லியிருக்கலாம்" என்றார் கோச்சம்மா.

பையிலிருந்து கட்டுத்துணிச் சுருளை எடுத்தார். சிமென்ட் தரையில் மெல்ல மண்டியிட்டார். அவருடைய முட்டியும் சத்தம் போட்டது.

"உக்காந்திருக்கப் போறவளுக்கு எதுக்குக் கட்டு?"

"கால நீட்டு."

தங்கை உடனே நீட்டிவிடவில்லை. பிறகு நீட்டினாள். மூன்று சுற்று. "இறுக்கமா இருக்கா?" என்றார். இன்னொரு தடவை கேட்டார். நடுவர் விசில் ஊதினார், ஐந்து பேரும் உள்ளே ஓடினார்கள். கோச்சம்மா எழுந்திருக்கவில்லை. துணியின் முனையைச் செருகிவிட்டு, அந்த முட்டியை இரண்டு உள்ளங்கையாலும் பொத்திப் பிடித்துக்கொண்டிருந்தார்.