தலையில்லாத அப்பா

அப்பாவின் புகைப்படம் என்று எங்கள் வீட்டில் இருப்பது ஒன்றே ஒன்றுதான். அதில் அப்பாவுக்குத் தலை இல்லை. சுரங்க மீட்புப் படைப் போட்டியில் அவருடைய குழு ஜெயித்ததும், கோப்பை ஒரே ஒரு நாள் நந்திதுர்க் தங்கச் சுரங்கத்துக் குடியிருப்பில் எங்கள் லைன் வீட்டுக்கு வந்தது. கேமரா இரவல் வாங்கிவந்த சித்தப்பாவுக்கு, பூட்ஸ், இடுப்பில் விளக்கு பேட்டரி, கையில் கோப்பை எல்லாம் படத்தில் விழ வேண்டுமே என்பதுதான் கவலை. அவரும் சுரங்கத்து ஆள். வேலைக்கு இறங்கும்முன் சாமானைச் சரிபார்க்கிற பழக்கம் எங்கே போகும்? கலர்ப் படத்தைக் கழுவி வாங்கிவந்தவர், "எல்லாம் வந்துச்சுண்ணா, தலதான் வரல" என்றார். அப்பா வயிறு குலுங்கச் சிரித்தார்.

எட்டாவது படித்த அக்காவோ அகராதிப் பைத்தியம். "சித்தப்பா, தல இல்லாததுக்கு இங்கிலீஷ்ல ஏசெஃபலஸ்னு பேரு. கிரேக்கத்துல கெஃபலேன்னா தல. முன்னாடி வர்ற அ, இல்லன்னு சொல்றது. நம்ம அநியாயத்துல வருதே, அது மாதிரி." சித்தப்பா தலையைச் சொறிந்துகொண்டு, "நான் பண்ணதும் அநியாயம்தாம்மா" என்றார். தலைவன் இல்லாத கூட்டத்துக்கும் அதே வார்த்தைதான் என்று அக்கா சொன்னதை அன்று யாரும் காதில் வாங்கவில்லை. நுரையீரல் கெட்டு அப்பா போனபிறகு, விடியற்காலை ரயிலைப் பிடித்து பெங்களூர் வேலைக்குப் போய் எங்களைக் காப்பாற்றியவள் அவள்தான். அந்த வார்த்தையை அவள் மறுபடி சொல்லவே இல்லை. அப்பா முகம் இருந்த அடையாள அட்டையைக் கம்பெனி திருப்பி வாங்கிக்கொண்டது. கல்யாணப் படம் மழை ஒழுகி வெளுத்துப்போயிற்று. தலையில்லாத படத்துக்கு மாலை போடக் கூடாது என்றார்கள் சொந்தக்காரர்கள். சாவதற்குள் அவர் முகத்தை ஒரு தடவை பார்த்துவிட வேண்டும் என்று அம்மா வருஷா வருஷம் திவசத்தன்று அழுவாள்.

இந்த வருஷம் அக்கா மகன் கம்ப்யூட்டரில் என்னவோ செய்து, சித்தப்பா முகத்தையும் அக்கா முகத்தையும் கலந்து அப்பாவுக்கு ஒரு தலை வைத்து, பிரேம் போட்டு எடுத்துவந்தான். "அப்படியே அப்பாதான்டா!" என்று அக்கா அழுதேவிட்டாள். அம்மா கண்ணாடியை மாட்டிக்கொண்டு நெடுநேரம் பார்த்தாள்.

"யாருப்பா இந்தாளு?"

"தாத்தாதான், பாட்டி."

"அவரு இல்ல. பழசக் குடு."

கொடுத்தோம். சட்டையின் மூன்றாவது பித்தான்மேல் விரலை வைத்தாள். "காக்கி நூலு இல்லன்னு சேப்பு நூல்ல தச்சுட்டேன். இதப் போட்டுக்கினு கப்பு வாங்கப் போறதான்னு இன்னா சண்ட! கடைசில இதத்தான் போட்டுக்கினு போனாரு." அவள் வெட்கப்பட்டுச் சிரித்ததை அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தேன்.

புதுப் படத்தைக் கையில் எடுத்துப் பார்த்தேன். அதில் அந்த நூலும் காக்கியாகத் திருத்தப்பட்டிருந்தது.